ட்ரிபிள் டெக்கர் என்கிற மூன்றடுக்கு மரவீடு

அமெரிக்காவின் வூஸ்டர் நகரத்துக்குப் படிக்கப் போன புதிதில், குடியிருந்த வீட்டை வீடியோ காலில் அம்மாவுக்குச் சுற்றிக் காட்டினேன். மாடிப்படி, சமையலறை, பின்பக்கத் தாழ்வாரம் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "சுவத்தைத் தட்டுடா பாக்கலாம்" என்றார். தட்டினேன். டொக் டொக் என்று உள்ளே ஒன்றுமில்லாத சத்தம்.

"இது என்னடா, பீரோவைத் தட்டுற மாதிரி இருக்கு! இதுல மூணு மாடியா? அதுல நீ மேல் மாடியா?"

அந்த பீரோவுக்கு அப்போதே நூறு வயது தாண்டியிருந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பாஸ்டன், வூஸ்டர், ஃபால் ரிவர், நியூ பெட்ஃபோர்டு என்று எந்த ஊருக்குப் போனாலும் தெருத்தெருவாக இந்த மாதிரி வீடுகள்தான். பாஸ்டன்காரர்கள் 'ட்ரிபிள் டெக்கர்' என்பார்கள். வூஸ்டரில் 'த்ரீ டெக்கர்'. வூஸ்டர் பெரியவர்களிடம் ட்ரிபிள் என்று சொன்னால் பொறுமையாகத் திருத்துவார்கள். நான் இரண்டு பெயரையும் கலந்துதான் சொல்வேன், இரண்டு ஊரிலும் திட்டு வாங்கியிருக்கிறேன்.

சரி, ட்ரிபிள் டெக்கர் என்றால் என்ன? மூன்று தளம் கொண்ட மர வீடு, தளத்துக்கு ஒரு குடும்பம். அவ்வளவுதான் இலக்கணம். ஆனால் 'தளத்துக்கு ஒரு குடும்பம்' என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு தளத்தை நான்காகப் பிரித்து நான்கு பேருக்கு விடுகிற ஒண்டுக்குடித்தனம் இல்லை இது. முழுத் தளமும் ஒரே வீட்டுக்கு, ஏறக்குறைய 1,000 சதுர அடி. பக்கத்து வீட்டோடு சுவரும் ஒட்டாது. நடுவில் ஒரு ஆள் நடக்கிற அளவாவது சந்து இருக்கும். அதனால் நான்கு பக்கமும் சன்னல் வைக்கலாம், எல்லா அறைக்கும் வெளிச்சம் வரும். அதே காலத்தில் நியூயார்க்கில் தொழிலாளர்கள் அடைந்து கிடந்த பழைய செங்கல் கட்டடங்கள் பலவற்றில், நடு அறைகளுக்குச் சன்னலே கிடையாது. அதையும் இதையும் பக்கத்தில் வைத்தால்தான் இந்த மரப்பெட்டியின் அருமை தெரியும்.

வீட்டுக்குள் போவோம். தெருவைப் பார்த்து ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு முன் தாழ்வாரம், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று. நியூ இங்கிலாந்தில் பழைய ஆட்கள் இதை 'பியாஸா' என்பார்கள். இத்தாலியில் அந்தச் சொல்லுக்கு ஊர்ச் சதுக்கம் என்று பொருள், இங்கே வந்து திண்ணையாகிவிட்டது. முன்பக்கப் படியேறிக் கதவைத் திறந்தால் முன் அறை. அதில் தெருப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும் மூன்று முகச் சன்னல். அதை அடுத்துச் சாப்பாட்டு அறை, சுவரோடு சேர்த்துச் செய்த கண்ணாடி அலமாரி. வாடகைக்கு விடுகிற வீட்டில் கண்ணாடி அலமாரி எதற்கு என்று நான் யோசித்ததுண்டு. கூலி வேலை செய்கிற குடும்பத்துக்கும் நல்ல தட்டு நாலு இருக்கும், அதை எடுத்து வைக்க ஓர் இடம் வேண்டும் என்று கட்டினவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு பக்கமாக வரிசையாகப் படுக்கையறைகள். கடைசியில் சமையலறை, பெரும்பாலும் வீட்டிலேயே பெரிய அறை அதுதான், ஏனென்றால் குளிர்காலத்தில் அடுப்பு எரிந்த இடம் அது. ஒட்டினாற்போல் மளிகைச் சாமான் வைக்கிற சின்ன அறை. அதைத் தாண்டினால் பின்கட்டு: பின் மாடிப்படியும் பின் தாழ்வாரமும்.

இரண்டு மாடிப்படி எதற்கு? முன்படி விருந்தாளிக்கு. பின்படி நிலக்கரி மூட்டைக்கு, ஐஸ்காரருக்கு, குப்பைக்கு, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு. ஃப்ரிட்ஜ் வராத காலத்தில் ஐஸ் கட்டியைத் தோளில் சுமந்து மூன்றாம் மாடிவரை ஏறுகிறவர் முன் அறைக் கம்பளத்தை நனைத்துவிடக் கூடாது. தீப்பிடித்தால் தப்பிக்கவும் இரண்டாவது வழி. இந்த இரண்டாவது வழிக்கு இன்னொரு முகமும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

கீழ்த் தளத்தில் எப்படியோ அப்படியேதான் நடுத் தளமும் மேல் தளமும். கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டாம் மாடிக்காரர் வீட்டில் விட்டாலும் எனக்குக் குளியலறை தெரியும்.

இந்த ஒரே மாதிரித்தனத்துக்குப் பின்னால் இருப்பது ஒரு கணக்கு. ட்ரிபிள் டெக்கரைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் தூண், வளைவு, பூவேலை எதையும் பார்க்க வேண்டாம், முதலில் இந்தக் கணக்கைப் பார்த்தால் போதும் என்பேன்.

ஒரு கம்பி ஆலைத் தொழிலாளி என்று வைத்துக்கொள்வோம். கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. தனி வீடு கட்டினால் கடனுக்கு மாதாமாதம் கட்டுகிற பணம் சம்பளத்தை விழுங்கிவிடும். அதே மனையில், அதே அடித்தளத்தின் மேல், அதே ஒரு கூரையின் கீழே மூன்று வீடு கட்டினால்? மனைக்கு ஒரே விலை. கூரைக்கு ஒரே செலவு. கூடுதலாக ஆவது இரண்டு தளத்துக்கான மரமும் கூலியும்தான். ஒரு தளத்தில் தான் குடியிருந்து மற்ற இரண்டையும் வாடகைக்கு விட்டால், அந்த இரண்டு வாடகையும் சேர்ந்து கடனில் பெரும்பகுதியை அடைத்துவிடும். கடன் முடிந்ததும் அதே வாடகை முதுமைக்கு ஓய்வூதியம். மகளுக்குக் கல்யாணமானால் நடுத் தளம் அவளுக்கு. அயர்லாந்துக்காரர், பிரெஞ்சு பேசும் கனடாக்காரர், ஸ்வீடன்காரர், போலந்துக்காரர், லிதுவேனியர், யூதர் என்று கப்பலிலும் ரயிலிலும் வந்திறங்கிய பல கூட்டத்துக்கு அமெரிக்காவில் சொந்த மண் என்று முதலில் கிடைத்தது இப்படி ஒரு தளம்தான்.

என் வீட்டுக்காரம்மாவும் கீழ்த் தளத்தில்தான் இருந்தார். அவருடைய தாத்தா காலத்து வீடு. மாதம் பிறந்தால் நான் பின்படி வழியாக இறங்கிப்போய் அவருடைய சமையலறை மேசையில் காசோலையை வைப்பேன். நூறு வருடமாக அந்த வீட்டில் நடந்துவருகிற சடங்கு அது, மேலே இருக்கிற ஆள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறார்.

இதெல்லாம் எப்போது நடந்தது? 1880 வாக்கில் தொடங்கி 1920களின் கடைசிவரை. பாஸ்டனில் 1880இல் 3,62,839 பேர் இருந்தார்கள், 1920இல் 7,48,060 பேர். வூஸ்டர் அதே நாற்பது வருடத்தில் 58,291இலிருந்து 1,79,754க்கு வந்துவிட்டது, மூன்று மடங்கு. ஆலைகள் ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தன: வூஸ்டரில் கம்பியும் சாணைச் சக்கரமும், ஃபால் ரிவரிலும் நியூ பெட்ஃபோர்டிலும் பருத்தி. இத்தனை பேரும் எங்கேயாவது படுக்க வேண்டுமே.

பாஸ்டனில் இடத்தைத் திறந்துவிட்டது டிராம். 1889இல் அங்கே மின்சார டிராம் ஓட ஆரம்பித்ததும், 5 சென்ட் டிக்கெட்டில் டார்செஸ்டர், ஜமைக்கா பிளெய்ன் பக்கமெல்லாம் போய் வர முடிந்தது. அவை அதுவரை பாதி கிராமம். 1870இல் டார்செஸ்டரும், 1874இல் ஜமைக்கா பிளெய்ன் இருந்த வெஸ்ட் ராக்ஸ்பரியும் பாஸ்டனோடு சேர்ந்தன. இன்னொரு காரணமும் உண்டு. 1872 நவம்பரில் பாஸ்டன் கடைவீதியில் பெருந்தீ பிடித்து 776 கட்டடங்கள் எரிந்தன. நகர மையத்தில் மரத்தால் கட்டக் கூடாது என்கிற விதி அதற்குப் பிறகு இறுகியது. அந்த விதி செல்லும் எல்லைக்கு வெளியே போனால் மரத்தால் கட்டலாம். இன்றைக்கும் பாஸ்டனில் நடந்தால் ஓரிடத்தில் சிவப்புச் செங்கல் வீடுகள் நின்றுபோய் மரவீடுகள் தொடங்கும். பழைய தீத்தடுப்பு எல்லை ஊரின் முகத்திலேயே எழுதியிருக்கிறது.

பக்கத்து மெய்ன் மாநிலத்திலும் கனடாவிலும் காடுகளில் மரம் மலிவு. பெரும்பாலான ட்ரிபிள் டெக்கருக்கு ஆர்க்கிடெக்ட் கிடையாது. தச்சரே மேஸ்திரி, மேஸ்திரியே முதலாளி. ஒரு வீட்டைக் கட்டி விற்று அந்தக் காசில் அடுத்ததைக் கட்டுவார். கதவு, சன்னல், தாழ்வாரத் தூண், கைப்பிடிக் கட்டை எல்லாம் மர ஆலையில் செய்து அடுக்கி வைத்திருப்பார்கள், வாங்கி வந்து பொருத்த வேண்டியதுதான். அதனால்தான் ஒரே தெருவில் நாலு வீட்டுக்கும் ஒரே தூண். முற்பட்ட வீடுகளில், அதாவது 1880களிலும் 90களிலும் கட்டினவற்றில், குவீன் ஆன் பாணியில் மீன் செதில் மாதிரி வெட்டிய மர ஓடுகளும் கடைசல் வேலையும் இருக்கும். 1900க்குப் பின் கட்டினவை கொலோனியல் ரிவைவல் பாணி: உருண்டைத் தூண்கள், கூரை விளிம்பில் பல்வரிசை போன்ற சிறு கட்டைகள். பாணியைப் பற்றி இதற்கு மேல் தெரிந்தாக வேண்டிய அவசியமில்லை.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். தட்டினால் ஏன் பொள்ளல் சத்தம்?

பழைய மரவீடு என்றால் பெரிய தூண், பெரிய உத்திரம், காடி வெட்டிப் பொருத்துகிற மூட்டு. அதற்குக் கை தேர்ந்த தச்சர் வேண்டும், கனமான மரம் வேண்டும். 1830களில் சிகாகோ பக்கம் வேறொரு முறை பரவியது: 2 அங்குலத்துக்கு 4 அங்குலம் கொண்ட மெல்லிய சட்டங்களை 16 அங்குலத்துக்கு ஒன்றாக நெருக்கி நிறுத்தி, ஆணியால் அடித்துச் சுவராக்குவது. பழைய தச்சர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். பலூன் மாதிரி இருக்கிறது, காற்றடித்தால் பறந்துவிடும் என்று கேலி செய்யத்தான் அதற்கு 'பலூன் ஃபிரேம்' என்று பேர் வந்ததாகச் சொல்வார்கள். பறக்கவில்லை. ஒவ்வொரு சட்டமும் தனியே பலவீனம்தான். ஆனால் நூற்றுக்கணக்கான சட்டங்கள் சுமையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. இயந்திரத்தில் செய்த ஆணி மலிந்ததும், இரண்டு பேரும் ஒரு ஏணியும் இருந்தால் சுவர் எழுப்பலாம் என்றாகிவிட்டது.

இந்த முறையின் முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. சட்டங்கள் அடித்தளத்திலிருந்து கூரைவரை ஒரே நீளமாக ஓடும். தளத்துக்கான குறுக்கு உத்திரங்கள் அந்தச் சட்டங்களின் இடுப்பில் பதித்த ஒரு பலகைமேல் உட்கார்ந்திருக்கும். சட்டத்தின் வெளிப்பக்கம் பலகை அடித்து, அதன்மேல் மெல்லிய நீளப் பலகைகளை, கூரையில் ஓடு வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறியபடி கீழிருந்து மேலாக அடிப்பார்கள். கிளாப்போர்டு என்று பேர். மழை வழிந்து இறங்கிவிடும், உள்ளே போகாது. உள்பக்கம் விரல் அகல ரீப்பர் துண்டுகளைக் குறுக்கே வரிசையாக அடித்து, அதன்மேல் சுண்ணாம்புச் சாந்து பூசுவார்கள். சாந்து ரீப்பர் இடுக்குகளில் பிதுங்கி, அந்தப் பக்கம் மடிந்து கொக்கி போலப் பிடித்துக்கொள்ளும். வெளிப்பலகைக்கும் உள்சாந்துக்கும் நடுவே? ஒன்றுமில்லை, நாலு அங்குலக் காற்று. அம்மா கேட்டது அந்தக் காற்றைத்தான்.

என் அறையில் ஒரு முறை பிளக் பாயின்ட்டைக் கழற்றியபோது டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழே இருட்டு, மேலே இருட்டு. கிணறுபோலப் போய்க்கொண்டே இருந்தது. ரீப்பருக்குப் பின்னால் சாந்து பிதுங்கி உறைந்த வரிசைகள், பூசின கொத்தனாரின் கை அழுத்தம் அப்படியே நின்றுபோனதுபோல. ஒரு சில்லைத் தொட்டேன், உடைந்து உள்ளே விழுந்தது. விழுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது, இரண்டு மாடி இறங்கியிருக்கும்.

சில் கீழே போகிற வழியில் நெருப்பு மேலே ஏறும். அதுதான் பலூன் ஃபிரேமின் குறை. நிலவறையில் பிடித்த தீ சுவருக்குள் புகுந்தால், குறுக்கே தடுப்புக் கட்டை வைக்காத வீட்டில், ஒவ்வொரு சட்ட இடுக்கும் ஒரு புகைபோக்கி. அறைக்குள் தீயே தெரியாது, கூரை எரியும். பின் தாழ்வாரங்களும் அப்படித்தான். மூன்று மரத் தளம், நடுவில் மரப்படி, எல்லாப் பக்கமும் காற்று. தப்பிக்கக் கட்டிய இரண்டாவது வழி, பிடித்துக்கொண்டால் ஏற்கெனவே அடுக்கி வைத்த விறகு.

1908 ஏப்ரல் 12 அன்று பாஸ்டனை ஒட்டிய செல்சியில் பெருந்தீ, ஊரில் ஏறக்குறைய பாதி போனது. 1914 ஜூன் 25 அன்று சேலத்தில் ஒரு தோல் தொழிற்சாலையில் பிடித்த தீ 1,300க்கும் மேற்பட்ட கட்டடங்களைத் தின்றது. எரிந்த தொழிலாளர் குடியிருப்பு மறுபடி எழுந்தபோது பெரும்பாலும் செங்கல்லில் எழுந்தது. (இந்தச் சேலம் மாம்பழச் சேலம் அல்ல, சூனியக்காரிகள் என்று சொல்லி ஆட்களைத் தூக்கிலிட்ட சேலம்.)

ட்ரிபிள் டெக்கருக்கு எதிரான பேச்சு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. தீ ஒரு நியாயமான காரணம், மறுக்க முடியாது. ஆனால் அந்த எதிர்ப்பில் தீ மட்டும் இருக்கவில்லை. அதை உரக்கப் பேசியவர்களில் ஒருவர் பிரெஸ்காட் ஹால். 1894இல் பாஸ்டனில் தொடங்கிய, வெளிநாட்டவர் வரவைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று வாதிட்ட சங்கத்தின் நிறுவனர்களில் ஒருவர். வீட்டின்மேல் வந்த கோபத்தையும் வீட்டுக்குள் இருந்தவர்கள்மேல் வந்த கோபத்தையும் பிரித்தெடுப்பது கஷ்டம். 1912இல் டவுன்களுக்கும் 1913இல் நகரங்களுக்குமாக மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வேண்டுமென்ற ஊர் அதை ஏற்றுக்கொள்ளலாம். ஏற்றுக்கொண்டால் மூன்று மாடி மரக் குடியிருப்பு அந்த ஊரில் எழாது. வசதியான புறநகர்கள் பல ஏற்றுக்கொண்டன. பாஸ்டனும் வூஸ்டரும் இன்னும் பத்துப் பதினைந்து வருடம் கட்டிக்கொண்டிருந்தன. 1924இல் குடியேற்றச் சட்டம் வெளிநாட்டவர் வரவை நெருக்கியது, 1929இல் பொருளாதாரம் விழுந்தது, கதை முடிந்தது. இன்று பார்க்கிற ட்ரிபிள் டெக்கர் அநேகமாக எல்லாமே அந்த ஐம்பது வருடத்துச் சரக்கு.

அப்புறம் நடந்தது நீளமான இறங்குமுகம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1930களில் கடன் கொடுக்கலாமா கூடாதா என்று நகரங்களுக்கு வண்ண வரைபடம் போட்டபோது இந்தத் தெருக்களில் நிறைய சிவப்புக்குள் போயின. கடன் கிடைக்காத வீட்டுக்கு யார் பெயின்ட் அடிப்பார்? ஆலைகள் மூடின, கார் வாங்கியவர்கள் புறநகருக்குப் போனார்கள், 1970களில் காப்பீட்டுப் பணத்துக்காகக் கொளுத்தியதும் நடந்தது. போனவர்கள் இடத்துக்குக் கேப் வெர்டி தீவுக்காரர், ஹெய்ட்டிக்காரர், வியட்நாம்காரர் வந்தார்கள். அதே கணக்கு அவர்களுக்கும் பலித்தது.

சரி, இதில் மரபுச் சின்னம் என்று காப்பாற்ற என்ன இருக்கிறது? மன்னர் கட்டவில்லை, பெரிய கலைஞர் கட்டவில்லை, ஆயிரக்கணக்கில் இருக்கிறது. ஆனாலும் அமெரிக்கத் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் வூஸ்டரின் த்ரீ டெக்கர்கள் பல தனித்தனியாக இடம்பெற்றிருக்கின்றன, பெரும்பாலானவை 1990 பிப்ரவரி 9 அன்று மொத்தமாகச் சேர்ந்தவை. ஏதோ ஒரு தச்சர் அவசரமாகக் கட்டிய வாடகை வீடு, சட்டமன்றக் கட்டடங்கள் இருக்கிற அதே பதிவேட்டில் இருப்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

ஆனால் பதிவேடு காவல்காரன் இல்லை. அதில் பேர் இருப்பதால் மட்டும் சொந்தக்காரர் தன் காசில் வீட்டை மாற்றுவதை யாரும் தடுக்க முடியாது. பதிவானபோது முழுசாக இருந்த சில வீடுகளில் அப்புறம் தாழ்வாரம் போய்விட்டது, மரப்பலகைமேல் வினைல் ஏறிவிட்டது. பதிவால் கிடைக்கிற நடைமுறைப் பலன், வருமானம் தரும் பழைய கட்டடத்தை விதிப்படி சீரமைத்தால் செலவில் 20 சதவீதம் கூட்டரசு வரியில் கழிவது. வாடகை வீடு என்பதால் ட்ரிபிள் டெக்கருக்கு அது பொருந்தும்.

இந்த வினைலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ட்ரிபிள் டெக்கரின் முகம் மாறியதற்குப் பெரிய காரணம் அதுதான். மரப்பலகைக்குச் சில வருடத்துக்கு ஒருமுறை பெயின்ட் வேண்டும். மூன்று மாடி உயரத்துக்குச் சாரம் கட்டிச் சுரண்டி அடிப்பது சின்னச் செலவில்லை. அதனால் ஒவ்வொரு தலைமுறையும் ஒரு போர்வையைப் போர்த்தியது. முதலில் செங்கல் மாதிரி அச்சடித்த தார் அட்டை, தூரத்திலிருந்து பார்த்தாலும் யாரும் ஏமாறாத பொய்ச் செங்கல். பிறகு கல்நார் சிமென்ட் ஓடு. பிறகு அலுமினியம். கடைசியில் வினைல். ஒட்டுவதற்கு இடைஞ்சலாகத் துருத்திய எல்லாவற்றையும் வெட்டி எறிந்தார்கள்: சன்னல் மேல் விளிம்பு, கூரைப் பல்வரிசை, மீன் செதில். தூண் உளுத்தால் இரும்புக் குழாய். முன் தாழ்வாரம் சாய்ந்தால் கழற்றிவிட்டு, கதவு இருந்த இடத்தில் அந்தரத்தில் ஒரு சன்னல்.

இங்கே மரபு ஆர்வலர்களோடு எனக்கு ஒரு சின்னச் சண்டை உண்டு. வினைல் போட்டவரைத் திட்டுவது சுலபம். 1978இல்தான் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் கலக்க நாடு முழுக்கத் தடை வந்தது. நூறு வருட வீட்டில் சன்னலை ஏற்றி இறக்கும்போதெல்லாம் அந்தப் பழைய பெயின்ட் பொடியாக உதிரும், தவழ்கிற குழந்தை கையை வாயில் வைக்கும். 6 வயதுக்குட்பட்ட குழந்தை குடியிருந்தால் ஈய அபாயத்தை நீக்கியாக வேண்டும் என்று மாசசூசெட்ஸ் சட்டம் சொல்கிறது, சரியாகத்தான் சொல்கிறது. மலிவான வழி எது? பழைய மரச் சன்னலைப் பிடுங்கி பிளாஸ்டிக் சன்னல் வைப்பது, வெளிச்சுவரை மூடிவிடுவது. வாடகையை நம்பி வாழ்கிற கிழவிக்கு மரபா குழந்தையா என்கிற கேள்வியே எழாது.

ஆனாலும் பிடுங்கி எறிந்த சன்னலைப் பற்றி வருத்தம்தான். என் அறையில் பழசு ஒன்று தப்பியிருந்தது. இரண்டு கண்ணாடிச் சட்டம், கீழ்ச் சட்டத்தை விரலால் தூக்கினால் ஏறும், விட்ட இடத்தில் நிற்கும். ஸ்பிரிங் கிடையாது. நிலையின் இரு பக்கமும் உள்ளே ஒளிந்திருக்கும் இரும்புக் குண்டு, கப்பியில் ஓடுகிற கயிற்றால் சட்டத்தோடு கட்டியிருக்கும். சட்டம் எவ்வளவு கனமோ இரண்டு குண்டும் சேர்ந்து அவ்வளவு கனம். நிலைக்குள் ஒளித்த தராசு என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிறு அறுந்தால் குண்டு உள்ளே 'தொம்' என்று விழும், புதுக்கயிறு கோத்தால் இன்னும் முப்பது வருடம் ஓடும். காடு முற்றியிருந்தபோது வெட்டிய மரம், ஆண்டு வளையங்கள் நெருக்கமாக இருக்கும், லேசில் உளுக்காது. பிளாஸ்டிக் சன்னலில் ஒன்று கெட்டால் முழுசாகத் தூக்கிப்போட வேண்டும்.

குளிருக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். அந்த நாலு அங்குலக் காற்று பனிக்காலத்தில் வீட்டுச் சூட்டையெல்லாம் வெளியே அனுப்பிவிடும். இப்போது பரவலாகச் செய்வது, வெளிப்பலகையில் ஒவ்வொரு சட்ட இடுக்குக்கும் ஒரு துளை போட்டு, பொடியாக்கிய பழைய செய்தித்தாளை எளிதில் எரியாதபடி உப்பு கலந்து குழாயால் ஊதி நிரப்புவது. துளையை அடைத்து பெயின்ட் அடித்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. அடர்த்தியாக நிரப்பினால் சுவருக்குள் தீ ஏறும் வேகமும் குறையும். பழைய வீட்டுக்குச் செய்யும் வேலைகளில் முகத்தைக் கெடுக்காமல் குறையைத் தீர்ப்பது இதுதான் என்று எனக்குத் தோன்றும். இதற்குப் பிறகு தட்டினால் பீரோ சத்தம் வராது, தலையணையைத் தட்டின மாதிரி இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால் இவ்வளவு பயன்படுகிற வீட்டை இன்று புதிதாகக் கட்டுவது லேசில்லை. மூன்று குடித்தனம் என்றதும் அது தனிவீட்டு விதியிலிருந்து பெரிய கட்டடங்களின் விதிக்குள் போய்விடுகிறது, தண்ணீர் தெளிக்கும் குழாய் உட்பட ஏகப்பட்ட செலவு. பல ஊர்களில் மனை விதிகளே ஒரு மனைக்கு ஒரு வீடு என்றுதான் இருந்தன. வீட்டு விலை எட்டாத உயரத்துக்குப் போன பிறகு, 2021இல் மாநிலம் ஒரு சட்டம் போட்டு, பாஸ்டனின் ரயில், பேருந்து வலைக்குள் வரும் 177 ஊர்களும் பல குடித்தன வீடுகளுக்கு எங்காவது இடம் ஒதுக்கியாக வேண்டும் என்றது. நூறு வருடத்துக்கு முன் தடை போட ஊர்களுக்கு வழிசெய்து கொடுத்த அதே மாநிலம்.

நீங்கள் அந்தப் பக்கம் போனால், முன்பக்கத்தைப் பார்த்த கையோடு வீட்டின் பின்பக்கச் சந்துக்கும் போய்ப் பாருங்கள். முன்பக்கம் எத்தனை தடவை போர்வை மாற்றியிருந்தாலும் பின்பக்கத்தை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். மூன்று தாழ்வாரம், வளைந்த படி, கொல்லையின் கோடியில் ஒரு உயரமான கம்பம். கம்பத்தில் மூன்று உயரத்தில் மூன்று கப்பி, தளத்துக்கு ஒன்று. துணிக்கொடி கப்பியிலிருந்து தாழ்வாரத்துக்கு வளையமாக வரும். நின்ற இடத்திலிருந்தே ஒவ்வொரு துணியாகக் குத்திக் கயிற்றைத் தள்ளிவிட வேண்டியதுதான். எங்கள் கம்பத்தில் கீழ்க் கப்பியும் நடுக் கப்பியும் துருப்பிடித்து நின்றுவிட்டன. மேல் கப்பிக்கு நான் எண்ணெய் விட்டேன். ஜனவரியில் ஒருநாள் துண்டைக் காயப்போட்டுவிட்டு வகுப்புக்குப் போய்த் திரும்பினால், துண்டு கிளாப்போர்டு மாதிரி விறைத்துக் கிடந்தது. கீழேயிருந்து வீட்டுக்காரம்மா சன்னலைத் தூக்கி, அதை மடக்காதே, நார் ஒடிந்துவிடும், அப்படியே பலகையாகவே தூக்கிக்கொண்டு உள்ளே போ என்றார்.